நேன் மதிப்பும் தொடக்க மதிப்பில்லாத மாறியும்: கேள்வி பதில்

கேள்வி: சி மொழியில் ஒரு கணக்கின் விடை நேன் (NaN, அதாவது 'எண் அல்ல' என்று குறிக்கும் மதிப்பு) ஆகிவிடுகிறது. == போட்டு நேனோடு ஒப்பிட்டால் எப்போதும் பொய் என்றே வருகிறது. ஏன்?

பதில்: அப்படித்தான் வரும். 1985-இல் வெளியான, மிதவைப்புள்ளி (தசமப் புள்ளியுள்ள) எண்களுக்கான ஐஇஇஇ 754 தரத்தின்படி நேன் எதற்கும் சமமில்லை, தனக்கே கூட. அதனால் ஒரு மாறியை அதனோடேயே ஒப்பிட்டு, சமமில்லை என்று வந்தால் அது நேன். சி99 முதல் இதற்கென்றே இஸ்நேன் (isnan) மேக்ரோ இருக்கிறது. அதையே போடுங்கள், பின்னால் படிப்பவருக்கும் புரியும்.

கேள்வி: பிழை தேடுவதற்கான டீபக் பில்டில் இஸ்நேன் நேனைப் பிடிக்கிறது, வெளியீட்டுக்கான ரிலீஸ் பில்டில் கோட்டை விடுகிறது.

பதில்: ரிலீஸ் பில்டில் கணக்கை வேகப்படுத்தும் ஃபாஸ்ட்-மேத் (-ffast-math) கொடி இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால், நேன் வரவே வராது என்று ஜிசிசி கம்பைலர் எடுத்துக்கொள்ளும். அப்புறம் உங்கள் சோதனையையே தேவையற்றது என்று அது நீக்கிவிடக்கூடும். சோதனை இருக்கும் கோப்பை மட்டுமாவது அந்தக் கொடி இல்லாமல் கம்பைல் செய்யுங்கள்.

கேள்வி: ஜாவாஸ்கிரிப்டில் சாதாரண எழுத்துச் சரத்தைக் கொடுத்தாலும் இஸ்நேன் உண்மை என்கிறதே?

பதில்: பழைய இஸ்நேன் முதலில் எண்ணாக மாற்றிப் பார்க்கும், மாற்ற முடியாத சரம் நேன் ஆகிவிடும். 2015-இல் வந்த நம்பர்.இஸ்நேன் அப்படி மாற்றாது.

கேள்வி: சி-யில் தொடக்க மதிப்பு கொடுக்காத மாறியையும் இப்படி இஃப் போட்டுக் கண்டுபிடிக்கலாமா?

பதில்: முடியாது. பலர் தடுமாறும் இடம் இது. செயற்கூற்றுக்குள் அறிவித்த சாதாரண மாறியில் என்ன இருக்கும் என்று சொல்லவே முடியாது. 0 இருக்கலாம், நேற்றைய குப்பை இருக்கலாம். சோதிப்பதற்காக அதைப் படிப்பதே தவறு. ஸ்டாட்டிக், குளோபல் மாறிகளுக்கு மட்டும் 0 உறுதி.

ஆகவே கருவிகளிடம் விடுங்கள். முதலில் கம்பைலர் எச்சரிக்கைகள், அப்புறம் நிரல் ஓடும்போது இத்தகைய பிழைகளைத் தேடும் வேல்கிரைண்ட் அல்லது கிளாங் கம்பைலரின் மெமரி சானிட்டைசர். ஒன்று கவனியுங்கள்: வேல்கிரைண்ட் குப்பை மதிப்பை நகலெடுக்கும்போது குறை சொல்லாது, இஃப் போன்ற முடிவு அதை நம்பும்போதுதான் சொல்லும். அதனால் அது காட்டும் வரியில் பெரும்பாலும் பிழை இருக்காது, அதற்கு முன்னால் எங்கோ இருக்கும். ட்ராக்-ஆரிஜின்ஸ் தேர்வைப் போட்டால் மூலத்தையும் காட்டும்.

கேள்வி: எல்லா மாறிக்கும் 0 வைத்துவிட்டால்?

பதில்: மிதவைப்புள்ளி மாறிகளுக்கு வேண்டவே வேண்டாம். 0 சத்தமில்லாமல் கூட்டலில் கலந்து, நம்பும்படியான தவறான விடையைத் தரும். நேன் வைத்தால் கூட்டல், பெருக்கல் எல்லாவற்றிலும் பரவிக் கடைசி விடையில் வந்து நிற்கும். டி மொழி தானாகவே நேன்தான் வைக்கிறது, அருமையான முடிவு. ஆனால் இரண்டு எண்களில் சிறியதையும் பெரியதையும் தரும் சி-யின் எஃப்மின், எஃப்மேக்ஸ் இரண்டும் நேனை ஒதுக்கிவிட்டு மற்ற எண்ணைத் தந்துவிடும். அவற்றுக்கு முன்னால் ஒரு இஸ்நேன் போட்டுவிடுங்கள்.