போதை என்று படுக்க வைக்காதீர்கள்

வாரம் முழுக்கத் தொடமாட்டேன். சனி இரவு மட்டும் ஒரு ஆஃப். பரவாயில்லையா? (ஓசூர்)

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. 375 மில்லி பிராந்தியில் ஏறக்குறைய 125 கிராம் ஆல்கஹால். அத்தனையும் ஒரே இரவில் இறங்கினால் பி.பி. எகிறும். சிலருக்கு இதயத்தின் மேலறை சீராகத் துடிக்காமல் நடுங்கும். அங்கே தேங்கும் ரத்தம் உறைந்து, மூளைக் குழாயை அடைத்தால் பக்கவாதம். ஆறு நாள் விரதம் இதை ஈடுகட்டாது. பி.பி. பாருங்கள்.

ரெட் ஒயின் ரத்தக்குழாய்க்கு நல்லதாமே? (காவேரிப்பட்டணம்)

பழைய நம்பிக்கை. சீனாவில் 5 லட்சம் பேரைப் பின்தொடர்ந்து, மரபணுவையும் ஒப்பிட்டு 2019-ல் வெளியான ஆய்வில், அளவான குடி பக்கவாதத்தைத் தடுக்கவில்லை. குடி ஏற ஏற ஆபத்தும் ஏறியது.

மாத்திரை சாப்பிடுகிறேன். மாலையில் ஒரு கட்டிங் போடலாமா? (அரூர்)

என்ன மாத்திரை? பெயர் இல்லை, பி.பி. எண் இல்லை. இப்படி எழுதினால் எப்படிப் பதில் சொல்வது? ஆஸ்பிரின் போன்ற, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை என்றால் கட்டிங்கும் வேண்டாம். வயிற்றில் ரத்தம் கசியும். போதையில் விழுந்து தலையில் அடிபட்டால் மூளையில் கசிவு நிற்காது.

அண்ணன் குடித்துவிட்டு வந்தார். வாய் குழறியது. மோர் கொடுத்துப் படுக்க வைத்தோம். காலையில் வலது கை வரவில்லை. (பென்னாகரம்)

இதைத்தான் திரும்பத் திரும்ப எழுதுகிறேன். போதை இரண்டு பக்கத்தையும் தள்ளாட வைக்கும். பக்கவாதம் பெரும்பாலும் ஒரு பக்கத்தைப் பிடிக்கும். சிரிக்கச் சொல்லுங்கள், வாய் ஒரு பக்கம் இழுக்கிறதா? கண்ணை மூடி இரு கைகளையும் நீட்டச் சொல்லுங்கள், ஒன்று மட்டும் மெல்ல இறங்குகிறதா? 108-ஐக் கூப்பிடுங்கள். சிறுமூளையில் அடைத்தால் சிலருக்கு வெறும் தள்ளாட்டம்தான் தெரியும். வழக்கமான போதையாகத் தெரியாவிட்டாலும் கிளம்பிவிடுங்கள். மோர், எலுமிச்சை, புளித்தண்ணீர் எதுவும் வேண்டாம். விழுங்கத் தெரியாத வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போகும். அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு 4.5 மணி நேரம்தான் கெடு. அந்தக் கணக்கு, அவரைக் கடைசியாக நன்றாகப் பார்த்த நேரத்திலிருந்து. அதைக் குறித்து வையுங்கள். சி.டி. ஸ்கேன் எடுக்காமல் ஊசி போட மாட்டார்கள். ரத்தக்கசிவாக இருந்தால் அந்த ஊசியே ஆளைக் கொன்றுவிடும். ஆகவே ஸ்கேன் இல்லாத கிளினிக்கில் நிற்காமல், தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே நேராகப் போங்கள். உங்கள் அண்ணனை இப்போதும் தாமதிக்காமல் அழைத்துப் போங்கள்.

15 வருடமாகத் தினம் குவாட்டர். நாளையோடு ஒரேயடியாக நிறுத்துகிறேன். (பாலக்கோடு)

நிறுத்துங்கள், ஆனால் வீட்டில் தனியாக வேண்டாம். முதல் 2 நாளில் வலிப்பு வரலாம், பி.பி. ஏறும், 2 முதல் 4 நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும். மனநலப் பிரிவில் சொல்லி, மாத்திரையோடும் பி1 வைட்டமின் ஊசியோடும் நிறுத்துங்கள். பி.பி.யைத் தினமும் பாருங்கள்.