விறகு வண்டி வாங்கப் போகிறீர்களா? பட்டறைக்காரரின் பதில்கள்

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஒரு வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். மாதத்தில் பாதி நாள் ஒடிந்த தள்ளுவண்டிகளோடுதான் கழிகிறது. விறகும் பாரமும் இழுக்க எந்த வண்டி நல்லது என்று கேட்டவர்களுக்கு, என் கைக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, ஒரு ஏக்கர் தோப்பு இருக்கிறது. மட்டை, விறகு, எரு எல்லாம் சுமக்க வேண்டும். ஒற்றைச் சக்கரமா, இரண்டா, நான்கா?

வரப்பின்மேல் போக வேண்டுமென்றால் ஒற்றைச் சக்கரத்தை விட்டால் வழியில்லை. ஆனால் அதில் பாரத்தின் ஒரு பங்கை எப்போதும் உங்கள் கைதான் சுமக்கும். அச்சிலிருந்து கைப்பிடி நாலரை அடியிலும், பாரத்தின் நடு ஒன்றரை அடியிலும் இருந்தால், 100 கிலோவில் 33 கிலோ கைக்கு வந்துவிடும். சாயாமல் பிடிக்கும் பாடு தனி.

தோப்புக்கு நான் சொல்வது இரண்டு சக்கரம். அச்சு பெட்டிக்கு நேர் கீழே இருப்பதால் பாரம் சக்கரத்தில் இறங்கிவிடும். மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் தெரிந்திருக்கும். இதிலும் அதே கணக்குத்தான். கைப்பிடிப் பக்கம் சற்றே கனமாக அடுக்குங்கள். பின்பாரம் ஆனால் கைப்பிடி மேலே எழும்பி தாடையைப் பதம் பார்க்கும்.

நான்கு சக்கரம் சமதரைக்கு அருமை. முன் அச்சு நடுவில் ஒரே முளையில் திரும்பும் வகையாக இருந்தால், பாரத்தோடு சட்டென்று திருப்பாதீர்கள், கவிழ்ந்துவிடும்.

கேள்வி: '300 கிலோ தாங்கும்' என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். நம்பலாமா?

சிமெண்ட் தரையில் அசையாமல் நின்றால் தாங்கும். தோட்டத்தில் ஒரு சக்கரம் குழியில் இறங்கும் நொடியில் பாரத்தின் பெரும்பகுதி அந்த ஒரு சக்கரத்தின் தலையில் விழுகிறது. அதனால் எழுதியிருப்பதில் பாதியைத்தான் நான் கணக்கில் எடுப்பேன்.

பெட்டியின் அளவும் ஏமாற்றும். மூன்றடி நீளம், இரண்டடி அகலம், ஓரடி ஆழம் என்றால் 6 கன அடி. அதில் சவுக்கு விறகு அடுக்கினால் சுமார் 100 கிலோ வரும். அதே பெட்டியை மணலால் நிரப்பினால் 270 கிலோ. என் பட்டறைக்கு வரும் வண்டிகளில் விறகால் ஒடிந்தவை குறைவு. வீட்டு வேலை நடக்கும்போது கொத்தனார் இரவல் கேட்டு, உரிமையாளரும் முகத்துக்காகக் கொடுத்து, மணலால் ஒடிந்தவைதான் அதிகம்.

கேள்வி: எங்கள் நிலத்தைச் சுற்றிச் சீமைக் கருவேல முள். காற்று டயர் வேண்டாம், கெட்டி ரப்பர் போதும் என்கிறார் கடைக்காரர். சரியா அண்ணா?

முள் காலடிதோறும் கிடந்தால் அவர் சொல்வது சரி. ஆனால் கெட்டிச் சக்கரம் ஒவ்வொரு கல்லின் அதிர்ச்சியையும் சட்டத்துக்கும் உங்கள் தோளுக்கும் அப்படியே கடத்திவிடும். முள் ஓரங்களில் மட்டும்தான் என்றால் காற்று டயரே போடுங்கள். 4.00-8 என்று பக்கத்தில் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது ஆட்டோ டயரின் அளவு. டயரும் ட்யூபும் எந்தச் சிற்றூரிலும் கிடைக்கும். வேறு அளவு வாங்கினால் ஒரு ட்யூபுக்காக ஊர் ஊராக அலைவீர்கள். சக்கரம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு சுலபமாகக் கல்லில் ஏறும், ஈர மண்ணில் புதையாது. பெட்டியின் பளபளப்பைப் பார்ப்பதற்கு முன் குனிந்து சக்கரத்தைப் பாருங்கள்.

கேள்வி: தகடு எவ்வளவு கனம் வேண்டும்?

எருவுக்கும் மண்ணுக்கும் 16 கேஜ், அதாவது சுமார் 1.6 மில்லிமீட்டர். 20 கேஜ் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. விறகைத் தூக்கிப் போட்டாலே குழி விழும். விறகு மட்டும் என்றால் தகடே வேண்டாம். ஆங்கிள் சட்டத்தில் கம்பி வலை அடித்து, பக்கங்கள் கழற்றும்படி வைத்தால் நீளக் கட்டையும் ஏற்றலாம், மழைநீரும் தேங்காது. வண்டியைக் கவிழ்த்து அச்சு சட்டத்தோடு சேரும் இடத்தைப் பாருங்கள். பற்றவைப்பு சுற்றிலும் ஓடியிருக்க வேண்டும். அங்கங்கே பொட்டு வைத்தது போலிருந்தால் வாங்காதீர்கள்.

கேள்வி: பிளாஸ்டிக் பெட்டி?

எருவுக்கு நல்லது, துருப்பிடிக்காது. வெயிலில் கிடந்து காய்ந்தபின் விறகை வீசினால் விரிசல் விடும்.

கேள்வி: கோத்தகிரியில் வீடு. விறகு அடுக்கும் இடம் மேட்டில் இருக்கிறது. நான் தனியாகத்தான் இழுக்க வேண்டும்.

அம்மா, பத்தடிக்கு ஓரடி ஏறும் சரிவில் 200 கிலோ வண்டி, 20 கிலோ எடையின் பலத்தோடு உங்களைப் பின்னால் இழுக்கும். உருளும் தடை அதற்கும் மேல். பாதிப் பாரமாக இரண்டு நடை போங்கள். இறங்கும்போது வண்டி கீழே, நீங்கள் மேலே. வண்டிக்கு முன்னால் நின்று தாங்கிப் பிடிக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். கைப்பிரேக் உள்ள வண்டி கிடைத்தால் கூடுதல் விலை கொடுத்தாவது வாங்குங்கள்.

கேள்வி: பழைய மொபெட்டின் சக்கரங்கள் சும்மா கிடக்கின்றன. போட்டுத் தருவீர்களா?

கம்பி ஆரச் சக்கரம் என்றால் மாட்டேன் தம்பி. மொபெட் திரும்பும்போது சாய்ந்துகொள்ளும், ஆரங்களில் பக்கவாட்டு அழுத்தம் பெரிதாக விழாது. பாரவண்டி சாயாது. திருப்பத்தில் முழுப் பாரமும் சக்கரத்தைப் பக்கவாட்டில் நெருக்கும், நாலு நடையில் ரிம் எட்டு மாதிரி வளைந்துவிடும். பழைய ஸ்கூட்டரின் தகட்டுச் சக்கரம் இருந்தால் கொண்டு வாருங்கள், இன்றே வேலையைத் தொடங்குகிறேன்.

கேள்வி: வாங்கி மூன்று மாதம்தான். கீச்சென்று சத்தம் வருகிறது.

சக்கரத்தைத் தூக்கிப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் பேரிங் தேய்ந்திருக்கும், மாற்றுங்கள். ஆடவில்லையென்றால் கிரீஸ் வைத்தால் போதும். ஒருவர் சத்தம் வரும்போதெல்லாம் தேங்காய் எண்ணெய் ஊற்றியிருக்கிறார். கழற்றிப் பார்த்தால் உள்ளே எண்ணெயும் மண்ணும் குழைந்து சந்தனம் மாதிரி இருந்தது, அச்சில் பாதியைக் காணவில்லை.