டிப்பருக்கு எந்த ஆட்டோமேட்டிக் கியர்?

கேள்வி: குவாரி வேலைக்கு டீசல் டிப்பர் வாங்கப் போகிறேன். ஏ.எம்.டி., டார்க் கன்வெர்ட்டர் என்று இரண்டு வகை ஆட்டோமேட்டிக் சொல்கிறார்கள். எதை எடுக்கட்டும்?

பதில்: குவாரி என்றால் யோசிக்கவே வேண்டாம், டார்க் கன்வெர்ட்டர்தான். ஏ.எம்.டி.யில் உள்ளே இருப்பது வழக்கமான கிளட்ச்சும் கியர்களும்தான்; மாற்றும் வேலையை மட்டும் கம்ப்யூட்டர் பார்க்கிறது. நெடுந்தூர ஓட்டத்துக்கு அது அருமை, டீசல் மிச்சமாகும். வால்வோவின் 12 கியர் ஐ-ஷிஃப்ட் அந்த வகைதான். ஆனால் முழு லோடோடு ஏற்றத்தில் நின்று நின்று நகரும்போது கிளட்ச் வழுக்கிச் சூடேறும். அப்படிப் போன வண்டிகளைக் கழற்றிப் பார்த்திருக்கிறேன்: கிளட்ச் தட்டு கண்ணாடி மாதிரி பளபளக்கும், அது உரசும் ஃப்ளைவீல் சக்கரத்தில் நீலத் திட்டுகள், கிட்டே போனாலே கருகல் வாடை.

டார்க் கன்வெர்ட்டரில் வண்டி கிளம்பும்போது விசை எண்ணெய் வழியாகப் போகிறது. தேய்வதற்கு அங்கே தட்டு இல்லை, இழுவையும் பெருகும். அல்லிசன் 4000 வரிசை கியர்பாக்ஸ் இப்படிப்பட்டது. விலை கூடுதல், டீசலும் சற்று அதிகம் குடிக்கும். சரி, பரவாயில்லை.

டிப்பர் தொட்டியைத் தூக்க பி.டி.ஓ. (இன்ஜின் விசையை ஹைட்ராலிக் பம்ப்புக்குக் கொடுக்கும் இணைப்பு) பொருத்த கியர்பாக்ஸில் இடம் உண்டா என்று கேளுங்கள். இறக்கம் நீளமா? ரிடார்டரோடு வாங்குங்கள்; பிரேக் தேயாமல் வேகத்தை அடக்கும், கியர்பாக்ஸோடு சேர்ந்த அமைப்பு அது. அந்தச் சூடு முழுவதும் கியர் எண்ணெயில்தான் இறங்கும்; எனவே அந்த எண்ணெயைக் குளிர்விக்கும் கூலர் பெரிதாக இருக்கட்டும்.