அனைத்துண்ணிக்குத் தயிர்சாதமே போதுமா?

கேள்வி: எங்கள் வீட்டில் நான்கு மாத லாப்ரடார் குட்டி வளர்க்கிறோம். நாங்கள் சைவம். குட்டிக்கு மூன்று வேளையும் தயிர்சாதம், இடையிடையே பால் பிஸ்கட். தட்டைக் காலி செய்துவிடும். ஆனால் சில நாட்களாக முன்னங்கால்கள் வளைந்தாற்போலத் தெரிகின்றன. மாடிப்படி ஏறத் தயங்குகிறது. கறி போட்டால் சரியாகிவிடும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். "நாய் அனைத்துண்ணி, எதைத் தின்றும் பிழைத்துக்கொள்ளும். தெருநாய்க்கு யார் சத்துப் பார்த்துப் போடுகிறார்கள்?" என்கிறார் என் மாமனார். என்ன செய்யலாம், டாக்டர்?

பதில்: முதலில் காலைக் கவனிப்போம், விவாதம் அப்புறம். இந்த வாரமே கால்நடை மருத்துவரிடம் காட்டி எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். கால் வளைவதற்கு உணவுக் குறைபாடு மட்டுமே காரணம் என்று கடிதத்தைப் படித்துச் சொல்லிவிட முடியாது. எலும்பின் வளர்ச்சிப் பகுதியில் அடிபட்டிருந்தாலும் இப்படி ஆகலாம். ஆனாலும் நீங்கள் எழுதியிருக்கும் உணவைப் பார்த்தால், என் சந்தேகம் தட்டின் மேல்தான் விழுகிறது.

உங்கள் மாமனார் கேட்டது நல்ல கேள்வி. தெருநாய் ஒரே நாளில் கோழிக்கடைக் கழிவு, எலி, கல்யாண மண்டபத்து எச்சில் இலை, யாரோ வைத்த பால்சோறு என்று நாலு இடத்தில் வாய் வைக்கிறது. எதையும் தின்ன முடியும் என்பதால்தான் அதற்குப் பலவும் கிடைக்கிறது. உங்கள் குட்டிக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. நீங்கள் வைப்பதுதான் அதன் உலகம். தவிர, தெருவில் நாம் பார்ப்பது தப்பிப் பிழைத்தவற்றை மட்டுமே. தெருவில் பிறக்கும் குட்டிகளில் பெரும்பகுதி ஒரு வயதைக் காண்பதில்லை.

ஓநாயோடு ஒப்பிட்டால், மாவுச்சத்தைச் செரிக்கும் திறன் நாய்க்கு அதிகம். சோறு அதற்கு விஷமல்ல. சோறு மட்டுமே என்பதில்தான் சிக்கல். மனிதர்களின் சத்துக் குறைபாட்டு நோய்களைப் பற்றி நாம் கற்ற பாடங்களில் சில, நாய்கள் கொடுத்த விலையில் வந்தவை. 1918-19 வாக்கில் எட்வர்ட் மெல்லன்பி என்ற மருத்துவ ஆராய்ச்சியாளர் லண்டனில் நாய்க்குட்டிகளை வீட்டுக்குள்ளேயே வைத்து, தானிய உணவை முதன்மையாகக் கொடுத்து வளர்த்தார். அவற்றுக்கு எலும்பு வளைந்து ரிக்கெட்ஸ் வந்தது. காட் மீனின் ஈரல் எண்ணெய் கொடுத்த குட்டிகள் தப்பின. அந்த எண்ணெயில் இருந்த சத்துக்குப் பின்னாளில் வைட்டமின் டி என்று பெயர் வந்தது. 1937இல் அமெரிக்காவில் கான்ராட் எல்வியம் என்ற உயிர்வேதியியலாளர், நாய்களுக்கு வந்த கருநாக்கு நோயை, பி வைட்டமின்களில் ஒன்றான நிகோடினிக் அமிலம் கொடுத்துக் குணப்படுத்தினார். மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழை மக்களுக்கு வந்த பெலாக்ரா என்ற சத்துக் குறைபாட்டு நோய்க்கும் மருந்து அதுவே என்பது அதன்பிறகு தெளிவானது.

வளரும் குட்டியின் உணவில், ஈரப்பதம் நீக்கிக் கணக்கிட்டால், 100 கிராமுக்கு ஏறத்தாழ 1 கிராம் கால்சியம் வேண்டும். தயிரில் கால்சியம் உண்டு, ஆனால் தயிர்சாதத்தில் பெரும்பகுதி சோறுதான். சோற்றில் கால்சியம் மிகக் குறைவு, புரதமும் போதாது. வெயிலில் கட்டினால் வைட்டமின் டி வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நமக்குப் பலிப்பது நாய்க்குப் பலிக்காது. அதன் தோல் போதுமான அளவு வைட்டமின் டி தயாரிப்பதில்லை, உணவில்தான் வர வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரரின் யோசனையும் இதே குழியில்தான் கொண்டுபோய்த் தள்ளும். எலும்பில்லாத கறியில் பாஸ்பரஸ், கால்சியத்தைவிடப் பதினைந்து மடங்குக்கு மேல் இருக்கும். கறியே கதி என்றால், இரத்தத்தில் கால்சியம் குறையாமல் காக்க உடல் எலும்பைக் கரைத்து எடுக்கும். கறியைக் கொட்டி வளர்த்து, சோபாவிலிருந்து குதித்ததற்கே கால் முறிந்த குட்டிகளை நாங்கள் பார்க்கிறோம்.

இதைப் படித்ததும் கடைக்குப் போய் கால்சியம் டானிக் வாங்கிவிடாதீர்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியின் குடல், மிகையாக வரும் கால்சியத்தைத் தடுக்கத் தெரியாதது. பெரிய இனக் குட்டிகளுக்கு அதுவே எலும்புக் கோளாறைத் தரும். பெரிய இனக் குட்டிகளுக்கு என்றே தயாரித்த, முழுமையான சமச்சீர் உணவு என்று அச்சிட்ட பாக்கெட் உணவுதான் இப்போதைக்குப் பாதுகாப்பானது. அதில் இறைச்சி இருக்கிறதே என்று தயங்கினால், டப்பாவில் போட்டுத் திண்ணையிலேயே வைத்துக்கொள்ளலாம். பல சைவக் குடும்பங்கள் அப்படித்தான் சமாளிக்கின்றன. அதுவும் முடியாது என்றால், மருத்துவர் எடை பார்த்து எழுதித் தரும் வீட்டு உணவும் சேர்மானமும் வேண்டும். நாமாகக் கைக்கணக்கில் போடும் காரியமல்ல. ஒரு வாரத்தில் சிறிது சிறிதாக மாற்றுங்கள். தயிர்சாதத்தை அறவே நிறுத்த வேண்டியதில்லை, ஆசைக்கு ஒரு கவளம் இருக்கட்டும். சாம்பார் சாதம் மட்டும் வேண்டாம். அதிலுள்ள வெங்காயம் நாயின் சிவப்பணுக்களை அழிக்கும்.

வயது வந்த நாய் என்றால் இவ்வளவு கெடுபிடி தேவையில்லை. ஒரு வேளை குறைந்ததை அடுத்த நாள் ஈடுகட்டலாம். குட்டிக்கு அந்த இடைவெளி கிடையாது, எலும்பு தினமும் வளர்கிறது.

எக்ஸ்ரே முடிவு வரும்வரை மாடிப்படியும் சோபாவும் வேண்டாம். வழுக்கும் தரையில் சாக்கு விரித்துவிடுங்கள். ஓட்டம், பந்து விளையாட்டு எல்லாம் நிற்கட்டும். குறை உணவில்தான் என்று உறுதியானால், உணவைத் திருத்திய சில வாரங்களிலேயே எலும்பு தேறுவது மறு எக்ஸ்ரேயில் தெரியும். வளைவு எவ்வளவு நிமிரும் என்பதை அப்போதுதான் சொல்ல முடியும்.