14 குஞ்சுகள் ஓட்டுக்குள்ளேயே இறந்தது ஏன்?

கேள்வி: தாராபுரம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். நாட்டுக்கோழிக் குஞ்சு கேட்டு அக்கம்பக்கத்தார் அடிக்கடி வருவதால், 56 முட்டை கொள்ளும் சிறிய இன்குபேட்டர் ஒன்றை இணையத்தில் வாங்கி, ஒரு வியாபாரியிடம் வாங்கிய 40 முட்டைகளை அதில் வைத்தேன். 9 குஞ்சுகள்தான் வந்தன; அவையும் 22ஆம் நாள் இரவில் தொடங்கி 24ஆம் நாள் வரை வந்தன. மீதியை உடைத்துப் பார்த்தால் 13 கூமுட்டை, 4 முட்டைகளில் இரத்த வளையம், 14 முட்டைகளில் முழுதாக வளர்ந்த குஞ்சு இறந்து கிடந்தது. முட்டை விற்றவர் இயந்திரத்தைக் குறை சொல்கிறார், இயந்திரம் விற்றவர் முட்டையைக் குறை சொல்கிறார். 200 முட்டை இயந்திரம் வாங்கினால் சரியாகிவிடும் என்றும் அவரே சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். இப்போது 14 குஞ்சுகளைக் கொன்ற அதே பிழை, பெரிய இயந்திரத்தில் 70 குஞ்சுகளைக் கொல்லும்.

பொரிக்காத முட்டைகளை வீசி எறியாமல் உடைத்துப் பார்த்தீர்களே, அது நல்ல காரியம். அந்த 13 கூமுட்டைகளுக்கும் உங்கள் இயந்திரத்துக்கும் தொடர்பில்லை; சேவல் சேராத முட்டையை எந்த இயந்திரமும் பொரிக்காது. இரத்த வளையம் தெரிந்த நான்கும், கரு உருவான முதல் சில நாட்களிலேயே இறந்தவை. பழைய முட்டை, வெயிலில் வந்த முட்டை, வண்டியில் குலுங்கிய முட்டை ஆகியவற்றில் இதுதான் நடக்கும். முழுதாக வளர்ந்து இறந்த 14தான் உங்கள் வீட்டில் நேர்ந்த இழப்பு.

அதற்கான விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. முட்டை வைத்த நாளைக் கணக்கில் சேர்க்காமல் எண்ணினால், கோழிக்குஞ்சு 21ஆம் நாளில் வெளிவர வேண்டும். ஒன்றிரண்டல்ல, வந்த குஞ்சுகள் அத்தனையும் தாமதமாக வந்திருந்தால் இயந்திரத்தில் சூடு குறைவு என்று பொருள். சூடு அதிகமாக இருந்திருந்தால் 19, 20ஆம் நாளிலேயே தொப்புள் ஆறாத குஞ்சுகள் வந்திருக்கும். திரையில் 37.5 டிகிரி செல்சியஸ் என்று காட்டியது என்பீர்கள். அது முட்டையின் சூடு அல்ல. மூடிக்கு அருகே தொங்கும் ஒரு சிறிய உணரியின் (சென்சார்) சூடு. மலிவான இயந்திரங்களில் அந்த உணரி அரை டிகிரி, ஒரு டிகிரி பொய் சொல்வது சாதாரணம், அந்த ஒரு டிகிரியே ஒரு நாளைத் தள்ளிப் போட்டுவிடும்.

சரிபார்க்கும் வழி எளிது. ஐஸ் பாக்கெட் அளவுள்ள சிறிய பாலித்தீன் உறையில் தண்ணீர் நிரப்பிக் கட்டி, முட்டை வைக்கும் தட்டில் படுக்க வைத்து, இயந்திரத்தை ஒரு முழு நாள் ஓட விடுங்கள். பிறகு உறையை எடுத்தவுடன் காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியின் நுனியை அந்தத் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். 99.5 முதல் 100 டிகிரி பாரன்ஹீட் வரை காட்ட வேண்டும். 98 காட்டினால், திரை என்ன சொன்னாலும், தண்ணீர் 99.5க்கு வரும்வரை அமைப்பை உயர்த்துங்கள். உங்களுடையது விசிறி உள்ள இயந்திரம் என்று கொண்டே இதைச் சொல்கிறேன்.

இரண்டாவது காரணத்தை நீங்கள் எழுதவில்லை, ஆனால் என்னால் ஊகிக்க முடிகிறது. முதல் குஞ்சு ஓட்டைக் கொத்தியதும் மூடியைத் திறந்து திறந்து பார்த்திருப்பீர்கள். உங்கள் பகுதியின் காய்ந்த காற்றில், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் உள்ளே இருக்கும் ஈரம் போய்விடும். ஓட்டுக்கு அடியில் உள்ள சவ்வு காய்ந்து காகிதம்போல் குஞ்சை இறுக்கிவிடும். முதல் 18 நாட்கள் ஈரப்பதம் 50 முதல் 55 விழுக்காடு போதும். 18ஆம் நாள் முட்டையைத் திருப்புவதை நிறுத்தி, இரண்டு நீர்க்குழிகளையும் வெதுவெதுப்பான நீரால் நிரப்பி 65 முதல் 70 விழுக்காட்டுக்கு உயர்த்தி மூடியவர், அதன்பின் கைகளைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். பொரித்த குஞ்சு பசியால் இறந்துவிடும் என்று அவசரப்படாதீர்கள். வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு அதற்கு இரண்டு நாளுக்குத் தாங்கும்.

ஓட்டை நாமே உடைத்துக் குஞ்சை எடுத்துவிடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கூடாது. ஒரேயொரு நிலையில் மட்டும் விலக்கு உண்டு. அதைத் தவறாகப் புரிந்துகொண்டு குஞ்சைக் கொன்றவர்கள் அதிகம் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். குஞ்சு ஓட்டில் துளையிட்டு முழுதாக 24 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். கத்தும் ஒலி கேட்க வேண்டும். துளை பெரிதாகாமல் இருக்க வேண்டும். வெளியே தெரியும் சவ்வு காய்ந்து பழுப்பேறியிருக்க வேண்டும். நான்கும் பொருந்தினால், வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் சவ்வை ஈரமாக்கிப் பாருங்கள். சிவப்பு நரம்பு ஒன்று தெரிந்தாலும் முட்டையை உள்ளே வைத்து மூடிவிடுங்கள்; குஞ்சு இன்னும் அந்த இரத்தத்தை உள்ளே இழுத்து முடிக்கவில்லை. நரம்பு இல்லையென்றால், துளையைச் சுற்றி, முட்டையின் அகன்ற பக்கத்து ஓட்டை மட்டும் சிறிது சிறிதாகப் பெயர்த்து அலகை விடுவியுங்கள். ஒரு சொட்டு இரத்தம் கண்டாலும் நிறுத்துங்கள். கூர்முனைப் பக்கம் தொப்புள் இருக்கிறது. அந்தப் பாதியிலிருந்து குஞ்சே உதைத்துக்கொண்டு வெளிவரட்டும்.

இனி அந்த 13 கூமுட்டைகள். புதிதாக இட்ட முட்டையை வெளியிலிருந்து பார்த்துக் கரு இருக்கிறதா என்று சொல்ல உலகில் ஒருவராலும் முடியாது. ஆகவே 'நூற்றுக்கு நூறு கருமுட்டை' என்று விற்பவர் உங்களை ஏமாற்றுகிறார். கூர்மையான முட்டை சேவல், உருண்டையான முட்டை பெட்டை என்று பிரித்து விலை வைப்பதும், கருங்கோழி முட்டை கறுப்பாக இருக்கும் என்பதும் கட்டுக்கதைகள். மத்தியப் பிரதேசத்து ஜாபுவாவின் கடக்நாத் கோழி உடம்பெல்லாம் கறுப்பாக இருந்தாலும் இளம்பழுப்பு முட்டைதான் இடுகிறது. பழுப்பு ஓடு உள்ள பண்ணை முட்டையை நாட்டுக்கோழி முட்டை என்று விற்பவர்களும் இருக்கிறார்கள்; சேவலே காணாத கூண்டுக்கோழியின் முட்டை அடைக்கு உதவாது. பத்துப் பெட்டைக்கு ஒரு சேவலாவது திரிவதை உங்கள் கண்ணால் பார்த்த வீட்டில், ஒரு வாரத்துக்குள் இட்ட முட்டையாக வாங்குங்கள். சித்திரை வெயிலில் நான்கு நாளுக்கு மேற்பட்டதை வாங்கவே வேண்டாம்.

'முட்டையைக் கொடுங்கள், பொரித்துத் தருகிறோம்' என்பவர்களிடமும் கவனம் தேவை. உங்கள் முட்டைக்கு உங்கள் முட்டையின் குஞ்சுதான் வந்தது என்பதற்கு என்ன சான்று? எல்லோரையும்விட ஆபத்தானவர், இயந்திரத்தையும் முட்டையையும் தாமே விற்று, வளர்ந்த கோழியையும் தாமே திரும்ப வாங்கிக்கொள்வதாக ஒப்பந்தம் நீட்டுபவர். 2012இல் பெருந்துறையில் ஈமு கோழியின் பெயரால் இதே வாக்குறுதியை நம்பிப் பணம் போட்டவர்கள் தெருவில் நின்றார்கள். உங்கள் ஊரிலிருந்து அது தொலைவும் இல்லை; இருந்தும் அதே பேச்சு இன்று நாட்டுக்கோழிக்குத் திரும்பியிருக்கிறது.

பிழைத்த 9 குஞ்சுகளுக்கு 7ஆம் நாளில் வெள்ளைக்கழிச்சலுக்கான சொட்டு மருந்து கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு விட வேண்டும். அந்த மருந்து நூற்றுக்கணக்கான கோழிகளுக்கான குப்பியில்தான் வருகிறது; கலக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும். புறக்கடைக் கோழி வளருங்கள் என்று சொல்லும் கால்நடைத் துறை, பத்துக் கோழிக்கான குப்பி ஒன்றை ஏன் தருவதில்லை என்று நானும் பணியில் இருந்த காலமெல்லாம் கேட்டுப் பார்த்துவிட்டேன். பிப்ரவரியில் நடக்கும் தடுப்பூசி முகாம் வளர்ந்த கோழிக்கு உதவும். சித்திரையில் பொரித்த குஞ்சு மாசி வரை காத்திருக்காது. தெருவில் குஞ்சு வைத்திருக்கும் பத்து வீட்டார் சேர்ந்து ஒரே நாளில் கால்நடை மருந்தகத்துக்குப் போய்க் கேளுங்கள். குஞ்சுகளுக்குச் சூடு தர எல்இடி விளக்கைத் தொங்கவிடாதீர்கள். அது வெளிச்சம் தரும், சூடு தராது. பழைய 60 வாட் குண்டு பல்பைத் தேடிப் பிடியுங்கள்.

அடுத்த முறை 20 முட்டைகள் மட்டும் இயந்திரத்தில் வையுங்கள். வீட்டில் அடைக்கோழி இருந்தால், அதே நாளில் பத்து முட்டைகளை அதற்கும் வையுங்கள். வழக்கம்போல் கரித்துண்டும் வரமிளகாயும் போட்டுக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. 7ஆம் நாள் இரவில் இருட்டறையில் கைப்பேசி விளக்கின்மேல் முட்டையின் அகன்ற பக்கத்தை வைத்துப் பார்த்து, சிலந்திபோல் நரம்பு தெரியாதவற்றை எடுத்துவிடுங்கள். 21ஆம் நாளில் இயந்திரக் குஞ்சுகள் உலர்ந்ததும், இரவில் ஓசையின்றி அடைக்கோழியின் இறக்கைக்கு அடியில் தள்ளிவிட்டால், பெரும்பாலும் அது தன் குஞ்சாகவே ஏற்றுக்கொண்டு காலையில் எல்லாவற்றையும் சேர்த்து மேய்க்கப் புறப்படும். இரண்டு இடத்திலும் எத்தனை எந்த நாளில் பொரித்தன என்று எழுதி வையுங்கள். கோழி முந்தி, இயந்திரம் பிந்தினால், அந்தத் தண்ணீர் உறையை மீண்டும் உள்ளே வைத்துப் பாருங்கள்.