இந்த அக்காவுக்கு இடுப்பு வலிக்காதா?

வாசகி, கொழிஞ்சாம்பாறை: கோயம்புத்தூர் போனபோது என் வீட்டுக்காரர் உக்கடம் பழைய புத்தகக் கடையில் பையனுக்கு ஒரு கட்டு ஆங்கில காமிக்ஸ் வாங்கி வந்தார். புரட்டினால் பறக்கிற பெண்களில் பாதிப் பேருக்கு நீச்சலுடைதான். ஆறாவது படிக்கும் மகள் "இந்த அக்காவுக்கு இடுப்பு வலிக்காதாம்மா?" என்கிறாள். கட்டோடு எடைக்குப் போட்டுவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். உங்கள் மகள் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறாள். சண்டைக்கு நிற்கிற ஒருத்தி முன்னழகையும் பின்னழகையும் ஒரே நேரத்தில் காட்ட வேண்டுமென்றால் அவளுக்கு முதுகெலும்பே இருக்கக் கூடாது! உங்கள் பக்கம் களரி பார்த்திருப்பீர்களே, பாதம் தரையில் ஊன்றியிருக்கும், கண் எதிராளி மேல் இருக்கும். 2017இல் பத்மஸ்ரீ வாங்கிய வடகரை மீனாட்சி அம்மா புடவையோடுதான் வாள் சுற்றுகிறார். காமிக்ஸ் நாயகிகள் பலர் எதிராளியை விட்டுவிட்டு, காசு கொடுத்துப் புத்தகம் வாங்குகிறவனைப் பார்த்து நிற்கிறார்கள். சூப்பர்மேனும் ஒட்டின உடுப்புதானே என்று பையன் வாதாடுவான், வாதாடட்டும். 2012இல் ரசிகர்கள் சிலர், நாயகிகள் நிற்கிற அதே கோலத்தில் வில்வீரன் ஹாக்ஐயை வரைந்து இணையத்தில் போட்டார்கள், பார்த்தாலே சிரிப்பு வரும். பென்சிலைக் கொடுத்து அவனையும் அப்படி ஒன்று வரையச் சொல்லுங்கள், வாதம் அங்கேயே முடிந்துவிடும்.

எனக்குத் துணியைவிடக் கதை மேல்தான் கோபம். 1994இல் வந்த, கிரீன் லான்டர்ன் என்ற சூப்பர் ஹீரோவின் கதை ஒன்றில் வில்லன் நாயகனின் காதலியைக் கொன்று ஃபிரிட்ஜுக்குள் திணித்து வைத்திருப்பான், நாயகனுக்கு ஆத்திரம் வர வேண்டும் என்பதைத் தவிர அந்தச் சாவுக்குக் கதையில் வேறு வேலை கிடையாது. இப்படிச் செத்தவர்கள், முடமானவர்கள், சக்தி பறிபோனவர்கள் என்று பெண் பாத்திரங்களை 1999இல் கெயில் சிமோன் என்ற காமிக்ஸ் ரசிகை பட்டியலே போட்டார், அந்த ஃபிரிட்ஜைத்தான் அதற்குத் தலைப்பாகவும் வைத்தார். அப்புறம் அவரே பெரிய காமிக்ஸ் எழுத்தாளர் ஆனது தனிக் கதை.

சட்டம் போட்டால் சரியாகிவிடுமா என்றால், அதையும் செய்து பார்த்தார்கள். பெண்களின் உடலை மிகைப்படுத்தி வரையக் கூடாது என்று 1954இல் அமெரிக்கப் பதிப்பாளர்களே விதி எழுதிக்கொண்டார்கள். அவர்களில் பெரிய நிறுவனமான மார்வெல் 2001இல் அந்த ஏற்பாட்டிலிருந்து விலகியது, 2011இல் இன்னொரு பெரிய நிறுவனமான டிசியும் போய்விட்டது.

அடுத்த முறை 2014இல் தனி இதழ் கண்ட கமலா கான் என்ற காமிக்ஸ் நாயகியைத் தேடிப் பாருங்கள். ஜெர்சி சிட்டியில் வளரும் பாகிஸ்தானிய வம்சாவளிப் பெண், வீட்டில் அம்மாவிடம் திட்டு வாங்கிக்கொண்டே ஊரைக் காப்பாற்றுகிறவள். உங்கள் மகளுக்குப் பிடிக்கும். கட்டில் ரொம்ப மோசமானது இரண்டு மூன்று இருந்தால் அதை மட்டும் எடைக்குப் போடுங்கள்.

வாசகர், கொல்லங்கோடு: வொண்டர் வுமன் வீராங்கனையா, கவர்ச்சிப் பொம்மையா?

பதில்: இரண்டும்தான். 1941இல் அவளை உருவாக்கிய மார்ஸ்டன் ஓர் உளவியலாளர், பெண் பிள்ளைகளுக்குப் பலசாலியான நாயகி வேண்டும் என்று மனதார நம்பியவர். அதே மனிதரின் கதைகளில் அவளைக் கயிற்றாலும் சங்கிலியாலும் கட்டிப்போடாத இதழைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.