கல்யாண ஹார்ட் டிஸ்க்கை ஸ்டாக் தளத்தில் விற்கலாமா?

கேள்வி: திண்டுக்கல் பக்கம் ஒன்பது வருடமாகக் கல்யாணப் படம் எடுக்கிறேன். நாலு ஹார்ட் டிஸ்க் நிறையப் படங்கள் சும்மா கிடக்கின்றன. விளம்பரக்காரர்கள் படங்களைக் காசு கொடுத்து இறக்கிக்கொள்ளும் ஷட்டர்ஸ்டாக், அடோபி ஸ்டாக் போன்ற ஸ்டாக் தளங்களில் அவற்றை ஏற்றினால் மாதம் 40,000 ரூபாய் வரும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். கணக்கு தொடங்கி, அமெரிக்க வரி எண் வாங்கி, படங்களையும் ஏற்றித்தர 15,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? படங்களை ஏற்றலாமா?

பதில்: கொடுக்காதீர்கள், ஏற்றவும் செய்யாதீர்கள். இத்தோடு நிறுத்தினால் அடுத்த மாதம் வேறொருவர் 8,000-க்கே முடித்துத் தருகிறேன் என்று வருவார், உங்கள் மனசு இளகிவிடும். அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த ஹார்ட் டிஸ்க். உள்ளே இருப்பது உங்கள் உழைப்புதான், ஆனால் உங்கள் சரக்கு இல்லை. கேமரா என்னுடையது, கண் என்னுடையது, படம் எப்படி என்னுடையதாக இல்லாமல் போகும் என்று நம்மில் பாதிப் பேர் சண்டைக்கு வருவார்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். காசு கொடுத்து ஒருவர் எடுக்கச் சொல்லி எடுத்த புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். அட்வான்ஸ் கொடுத்த பெண் வீட்டுக்காரர்தான் சொந்தக்காரர், ஷட்டரை அமுக்கிய நீங்கள் அல்ல. ஸ்டுடியோ ஒன்றுக்குச் சம்பளத்துக்குப் போய் எடுத்தவையும் இருந்தால், அவையும் உங்களுடையவை அல்ல.

‘வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில்’ என்று இருக்கிறதே, அதைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறவர்கள் எனக்கு நிறைய. பில் புக்கின் பின்பக்கம் ‘படங்களின் உரிமை ஸ்டுடியோவுக்கே’ என்று எறும்பு எழுத்தில் அச்சடித்திருக்கிறோம், போதாதா என்பார்கள். வாடிக்கையாளர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாரா? போடவில்லை என்றால் அதை மறந்துவிடுங்கள். சரி, போட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு பூட்டுதான் திறந்திருக்கிறது. படத்தின் உரிமை ஒரு பூட்டு. படத்தில் இருப்பவரின் முகத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம் என்கிற சம்மதம் இன்னொரு பூட்டு. இரண்டாவதற்குத்தான் மாடல் ரிலீஸ் என்ற ஃபாரம். அதைப் பெண்ணின் அப்பா போட்டால் செல்லாது. பெண் தனியாக, மாப்பிள்ளை தனியாக, அடையாளம் தெரிகிற ஒவ்வொருவரும் தனித்தனியாகப் போட வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் கையெழுத்து. பட்டுப்பாவாடை கட்டிய குழந்தை அழகாகச் சிரிக்கிறது என்று ஏற்றிவிட்டு, ஆறு மாதம் கழித்து ஏதோ ஒரு ஊரில் பல் ஆஸ்பத்திரி பேனரில் அந்தச் சிரிப்பைப் பார்த்தால் அவள் அம்மா உங்களைச் சும்மா விடுவாரா?

முகமே வேண்டாம், மருதாணிக் கையும் மாங்கல்யமும் மட்டும் போடுகிறேன் என்பீர்கள். இரண்டாவது பூட்டு திறந்துவிட்டது, சரி. முதல் பூட்டு? அது பெண் வீட்டார் காசு கொடுத்து எடுத்த படம்தானே? பூட்டு அப்படியேதான் தொங்குகிறது. இனிமேல் வரும் கல்யாணங்களுக்கு இரண்டு பக்க ஒப்பந்தம் போட்டு, முகம் தெரியாத அலங்காரப் படங்களை மட்டும் நான் விற்றுக்கொள்வேன் என்று தமிழில், பெரிய எழுத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினால் அந்த அளவுக்கு வழி பிறக்கும். வருங்காலத்துக்கு மட்டும். பழைய ஒன்பது வருடத்துக்கு இப்போது போய்ப் பின்தேதியிட்டுக் கையெழுத்து வாங்கலாமா என்று தயவுசெய்து அடுத்த கடிதம் எழுதாதீர்கள்.

எடிட்டோரியல், அதாவது விளம்பரத்துக்கு அல்ல, செய்திக்கு மட்டும் என்று குறித்துப் போட்டால் ரிலீஸ் வேண்டாமாமே என்றும் உங்கள் தெரிந்தவர் சொல்லியிருப்பார். அது ஊர் பார்க்க நடக்கும் விஷயங்களுக்கு: ஜல்லிக்கட்டு, தேரோட்டம், பேரணி. ஒரு குடும்பத்தின் கல்யாணம் செய்தி ஆகாது.

உரிமையையெல்லாம் ஒதுக்கிவிட்டாலும் படங்கள் தேறுமா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். தாலி கட்டுகிற படம் ஒன்றை 100 சதவீத அளவில் திறந்து, இடது மூலையிலிருந்து மெல்ல நகர்த்துங்கள். அத்தை தூக்கிப் பிடித்த செல்போனின் முதுகில் கம்பெனி முத்திரை. ஐயர் பக்கத்தில் லேபிளோடு தண்ணீர் பாட்டில். மேடைக்குப் பின்னால் தெர்மோகோலில் மணமக்கள் பெயர். வீடியோக்காரர் லைட்டில் மாப்பிள்ளையின் ஒரு கன்னம் மஞ்சள், இன்னொன்று நீலம். வெளிச்சம் போதாமல் கேமராவின் ஐஎஸ்ஓவை 3200-க்கு ஏற்றி எடுத்ததால் பட்டுச் சேலையின் நிழலில் மணல் தூவியது போல நாய்ஸ். ஆல்பத்தில் இதே படம் அற்புதமாகத்தான் இருந்திருக்கும். பார்த்தவர்கள் பார்த்தது முகத்தை. ஸ்டாக் தளத்தில் பரிசோதிக்கிறவர் முகத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்ப்பார்.

இப்போது அந்த 15,000 ரூபாய் மனிதரிடம் வருகிறேன். அவரைப் பற்றி எழுத எனக்கு ஒரு பக்கம் போதாது.

கணக்கு தொடங்கக் கட்டணம் கிடையாது. ஷட்டர்ஸ்டாக்கில் இல்லை, அடோபி ஸ்டாக்கில் இல்லை. ஒரு ஈமெயில், ஓர் அடையாள அட்டை, அரை மணி நேரம். இலவசமாகத் திறந்திருக்கும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து டிக்கெட் கிழிக்கிறார்கள்.

அமெரிக்க வரி எண் என்பது அதைவிடப் பெரிய கதை. உங்களுக்கு அது தேவையே இல்லை. தளத்துக்குள்ளேயே டபிள்யூ-8 பிஇஎன் என்ற படிவம் வரும். அதில் வரி எண் கேட்கிற இடத்தில் நம்மூர் பான் எண்ணைப் போட்டால் முடிந்தது. அதை நிரப்பாமல் விட்டால் அமெரிக்க வாடிக்கையாளர் வாங்கும் படங்களின் ராயல்டியில், அதாவது உங்களுக்கு வரும் பங்கில், 30 சதவீதம் வரியாகப் பிடிப்பார்கள். நிரப்பி, இந்தியா–அமெரிக்கா வரி ஒப்பந்தத்தின் 12-வது ஷரத்தைக் குறிப்பிட்டால் 15 சதவீதம்தான். கையெழுத்திட்ட வருடம் போக மூன்றாவது வருடம் டிசம்பர் 31 வரை செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். இவ்வளவுதான் அந்தப் பரம ரகசியம்.

தமிழர்களுக்கு மட்டும் இதில் ஒரு தலைவலி உண்டு. குடும்பப் பெயர் என்ற கட்டம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? நீங்கள் சு. முருகேசன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பான் அட்டையில் இனிஷியல் ஆகாது என்பதால் முருகேசன் சுப்பையா. வங்கியில் எஸ். முருகேசன். தளம் பணம் அனுப்பும் பேபால் கணக்கில் அவசரத்தில் வெறும் முருகேசன். மூன்றும் ஒரே ஆள்தான் என்று நம் தெரு நாய்க்குக்கூடத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. பணம் பாதி வழியில் நிற்கும், நீங்கள் உதவி மையத்துக்கு இங்கிலீஷில் மெயில் எழுதிக்கொண்டே இருப்பீர்கள். அப்பா பெயரைத் தன் பெயருக்குப் பின்னால் ஒட்டுகிற வழக்கமே இல்லாத கோடிக்கணக்கான பேர் இருக்கிறோம், எங்களுக்காக ஒரு கட்டம் கூட்ட இத்தனை வருடத்தில் எவனுக்கும் தோன்றவில்லை. பான் அட்டையில் என்ன இருக்கிறதோ அதை எழுத்துக்கு எழுத்து எல்லா இடத்திலும் போடுங்கள், வேறு வழியில்லை.

ஏற்றித்தருகிறேன் என்பதில்தான் நிஜமான ஆபத்து. கணக்கு யாருடைய ஈமெயிலில் திறக்கப்படும்? அவருடையதில். வரிப் படிவத்தில் யார் பெயர்? பேபால் யாருடையது? என்னிடம் பயிற்சிக்கு வந்த பையன் ஒருவன், ஏற்கெனவே அப்ரூவல் ஆன கணக்கு என்று ஒன்றை இப்படித்தான் விலைக்கு வாங்கினான். எட்டு மாதம் படம் ஏற்றினான். விற்கத் தொடங்கிய மாதத்தில் பாஸ்வேர்டு மாறிவிட்டது. தளத்திடம் முறையிட்டான். கணக்கின் பெயரும் உன் பெயரும் வேறு, எங்களால் ஒன்றும் செய்ய இயலாது என்று பதில் வந்தது. அவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை. விற்றவர் போன் நம்பரை மாற்றிவிட்டார்.

இதே ஆட்கள் இப்போது ஏஐ படம் ஆயிரம் தருகிறேன், ஏற்றினாலே காசு என்று இன்னொரு பொட்டலம் கட்டுகிறார்கள். ஏஐ படம் என்று வெளிப்படையாகக் குறித்தால் அடோபி ஸ்டாக் எடுத்துக்கொள்ளும். ஷட்டர்ஸ்டாக் பங்களிப்பாளர்களிடமிருந்து அதை வாங்குவதே இல்லை. ஒரே பொட்டலத்தை ஐம்பது பேருக்கு விற்றிருப்பார், ஐம்பது பேரும் ஒரே யானையை ஏற்றுவார்கள். ஜிஎஸ்டி எடுக்காவிட்டால் பணம் நின்றுவிடும் என்று பயமுறுத்துகிற ரகமும் உண்டு. வருட வரவு மொத்தம் 20 லட்சத்தைத் தாண்டும்போது அதைப் பற்றி யோசிக்கலாம். வருமான வரிக் கணக்கில் மட்டும் முதல் டாலரிலிருந்தே காட்டிவிடுங்கள். அங்கே பிடித்த வரிக்கு இங்கே கழிவு கேட்கலாம், ஆடிட்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

மாதம் 40,000 வருமா? நீங்களே கணக்குப் போடுங்கள். ஷட்டர்ஸ்டாக்கில் முன்பு சந்தாதாரர் ஒருவர் படத்தை இறக்கினால் குறைந்தது 25 சென்ட் வரும். 2020 ஜூன் மாதம் விதியை மாற்றினார்கள், அடிமட்டம் 10 சென்ட் ஆனது. டாலரைத் தோராயமாக 90 ரூபாய் என்று வைத்தால் ஒன்பது ரூபாய். ஒரு டீக்கு இரண்டு படம். விற்கும் விலையில் உங்கள் பங்கு 15 சதவீதத்தில் தொடங்கி, விற்பனை ஏற ஏற 40 வரை போகும். போய் என்ன? ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் எல்லாரையும் மறுபடி 15-க்கு இறக்கிவிடுவார்கள். டிசம்பர் 31 இரவு 35 சதவீதத்தில் படுத்தவன் காலையில் 15 சதவீதத்தில் எழுந்திருக்கிறான். எந்தக் கம்பெனியில் வருடா வருடம் வேலைக்காரனைப் புதிதாகச் சேர்ந்தவன் ஆக்குகிறார்கள்? அடோபி ஸ்டாக் படத்துக்கு 33 சதவீதம் என்று நிலையாக வைத்திருக்கிறது, சந்தா விற்பனையில் பெரும்பாலும் முப்பது ரூபாய் சுமாருக்குத் தேறும். ஆக 40,000 வேண்டுமென்றால் அடோபியில் மட்டும் என்றால் மாதம் 1,300-க்கு மேல் விற்க வேண்டும், ஷட்டர்ஸ்டாக்கில் மட்டும் என்றால் அடிமட்ட விலையில் 4,400-க்கு மேல். முதல் தடவை பணம் கைக்கு வர எனக்குப் பதினோரு மாதம் ஆனது.

அடோபியில் 25 டாலர் சேர்ந்தால்தான் எடுக்க முடியும், அதுவும் முதல் விற்பனை முடிந்து 45 நாள் கழித்து. பேபாலுக்கு வந்தால் டாலராக வைத்திருக்க விடமாட்டார்கள், தானாக ரூபாயாகி உங்கள் வங்கிக்குப் போய்விடும். மாற்று விகிதத்தில் மூன்று நான்கு சதவீதம் கடித்துக்கொள்வார்கள்.

அப்படியானால் விட்டுவிடவா என்றால், வேண்டாம். உங்களிடம் கேமரா இருக்கிறது, கண் இருக்கிறது, முகூர்த்தம் இல்லாத ஆடியும் மார்கழியும் இருக்கின்றன. வீட்டுக்குள்ளேயே தொடங்குங்கள். ஜன்னல் ஓரம், மங்கிய ஒரே நிறச் சுவர். அம்மா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மருந்துச் சீட்டைத் தூரமாகப் பிடித்துப் படிப்பார் இல்லையா, அதை எடுங்கள். பக்கத்துக் கடைக்காரர் க்யூஆர் அட்டையை நீட்டுவதை எடுங்கள், ஆனால் கம்பெனிப் பெயர் இல்லாத அட்டையை நீங்களே அச்சடித்து வையுங்கள். விளம்பரக்காரன் எழுத்துப் போட ஒரு பக்கம் வெறுமையாக விடுங்கள். ஒரே காட்சியில் இருபது கோணம் ஏற்றாதீர்கள், ஒன்றையொன்று ஒத்திருக்கிறது என்று மொத்தமாகத் திருப்புவார்கள். மூன்று போதும்.

தேடுகிறவர் கண்ணில் படம் பட நாம் எழுதும் குறிச்சொற்களில் ஷட்டர்ஸ்டாக் 50 வரையும் அடோபி 49 வரையும் இடம் தருகின்றன. எல்லாவற்றையும் நிரப்ப வேண்டும் என்று வேண்டுதலா? அடோபியில் முதல் பத்துக்குத்தான் மதிப்பு அதிகம், வரிசை பார்த்துப் போடுங்கள்.

பொங்கல் படம் வாங்குகிறவன் தை பிறந்த பிறகு தேட மாட்டான். அதனால் பானையையும் கரும்பையும் புரட்டாசியிலேயே எடுத்து, ஐப்பசிக்குள் ஏற்றிவிடுங்கள். புரட்டாசியில் கரும்பு எங்கே கிடைக்கும் என்றால், ஜூஸ் கடையில் கேளுங்கள். பானை வைக்கிறவர் உங்கள் மனைவியாகவே இருந்தாலும் ரிலீசில் அவர் கையெழுத்து வேண்டும். சாட்சிக் கட்டத்தில் நீங்கள் போடக்கூடாது, கொழுந்தனையோ எதிர்வீட்டுக்காரரையோ போடச் சொல்லுங்கள். படம் எடுத்த தேதியையே ஃபாரத்திலும் எழுதுங்கள்.